அறுவைக்கு உண்டு, மாத்திரைக்கு இல்லை: உறுப்பு மாற்றுக்குப் பின் காப்பீடு

உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் முடிந்துவிடும். நோயாளி நலமாக வீடு திரும்பினார் என்பது கடைசி வரியாக இருக்கும். அதற்குப் பிறகு அவர் வாழப்போகும் பத்து, இருபது ஆண்டுகளைப் பற்றி அதிகம் எழுதப்படுவதில்லை. அந்த ஆண்டுகளில் தினமும் இரண்டு வேளை விழுங்க வேண்டிய மாத்திரைக்கு யார் பணம் தருவது? எந்தச் சீட்டைக் காட்டி, எந்தக் கவுன்ட்டரில் வாங்குவது? மறுபடி காய்ச்சல் வந்து படுத்தால் காப்பீடு கைகொடுக்குமா? மாற்று உறுப்போடு வாழும் ஒவ்வொரு குடும்பமும் இந்தக் கேள்விகளோடுதான் மாதத்தைத் தொடங்குகிறது.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விகளைத் தமிழ்நாட்டுச் சூழலில் வைத்துப் பார்க்கிறது. நம் மருத்துவக் காப்பீடு மருத்துவமனைக் கட்டிலை மையமாக வைத்து உருவானது. மாற்று உறுப்போ, வீட்டில் தவறாமல் எடுக்கும் மாத்திரையால் பிழைக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில்தான் நோயாளிகள் விழுகிறார்கள்.

மருந்து ஏன் ஆயுள் முழுவதும்?

1954 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் மரே தலைமையிலான குழு முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவையைச் செய்தது. கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர். அதனால் புதிய சிறுநீரகத்தை உடல் அந்நியமாகக் கருதவில்லை. மற்றவர்களுக்கு அந்த வாய்ப்பில்லை. உடலின் பாதுகாப்புப் படையான வெள்ளணுக்கள் புதிய உறுப்பைக் கண்டதும் தாக்கும். அந்தத் தாக்குதலை அடக்கி வைக்கும் ‘அடக்கி மருந்துகள்’ வந்த பிறகுதான் உறுப்பு மாற்று பரவலான சிகிச்சையானது. 1960களில் அசாதயோப்ரின், 1980களில் சைக்ளோஸ்போரின், 1990களில் டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட் என ஒவ்வொரு மருந்தும் உறுப்பின் ஆயுளைக் கூட்டியது. இன்று பெரும்பாலானோர் எடுக்கும் டாக்ரோலிமஸ், ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து 1984இல் கண்டறியப்பட்டது.

இந்தியாவில் இந்தச் சிகிச்சையின் வரலாறு தமிழ் மண்ணோடு கலந்தது. 1971இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில்தான் நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தது. 1994இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைச்சாவை மரணமாக ஏற்றது. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதி, விபத்தில் மூளைச்சாவடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தபோது தமிழ்நாடே அதைப் பேசியது. அதற்குப் பின் வளர்ந்த கொடைத் திட்டம் நாட்டுக்கே முன்மாதிரியானது. உறுப்புக் கொடை தந்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதை செலுத்தப்படும் என 2023 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார்.

கொடையைப் போற்றும் பண்பாட்டை நாம் வளர்த்துவிட்டோம். கொடையாகக் கிடைத்த உறுப்பைக் காக்கும் ஏற்பாட்டை அதே அளவுக்கு வளர்க்கவில்லை. அடக்கி மருந்து நின்றால், பத்தாண்டு நன்றாக வேலை செய்த சிறுநீரகமும் சில வாரங்களில் கெட்டுப்போகலாம். பெரும்பாலும் வலியோ காய்ச்சலோ இருக்காது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ஏறியிருப்பது ரத்தப் பரிசோதனையில் தெரியும்போது பாதிச் சேதம் நடந்து முடிந்திருக்கும்.

ஒரு மருந்துச் சீட்டைப் படித்துப் பார்த்தால்

அறுவை முடிந்து ஓராண்டைக் கடந்த ஒரு சிறுநீரக நோயாளியின் சீட்டை எடுத்துக்கொள்வோம். டாக்ரோலிமஸ் காலை, இரவு. மைக்கோஃபினோலேட் காலை, இரவு. பிரெட்னிசலோன் காலையில் மட்டும். ரத்தக்கொதிப்புக்கு ஒன்றோ இரண்டோ. அடக்கி மருந்துகளால் சர்க்கரை வந்திருந்தால் அதற்கும் மாத்திரை. அடியில், ‘டாக்ரோலிமஸ் அளவு, கிரியாட்டினின், ரத்த அணுக்கள், சர்க்கரை – அடுத்த முறை பார்த்துவிட்டு வரவும்’ என்று எழுதியிருக்கும்.

இதில் முதல் வரியும் கடைசி வரியும் ஒன்றோடொன்று பிணைந்தவை. டாக்ரோலிமஸ் ரத்தத்தில் குறைந்தால் உடல் உறுப்பைத் தாக்கும். கூடினால் கை நடுங்கும், சர்க்கரை ஏறும், காக்க வந்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். சரியான அளவுக்கும் தவறான அளவுக்கும் இடையே உள்ள இடம் மிகக் குறுகியது. எனவே மாத்திரை எடுத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, அடுத்த மாத்திரைக்குச் சற்று முன், ரத்தம் எடுத்து அளவு பார்க்க வேண்டும். பரிசோதனை நாளில் காலை மாத்திரையைப் போட்டுவிட்டு வந்தால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். மருத்துவர் மருந்தைக் குறைத்துவிடவும் கூடும். வெளியூரிலிருந்து இரவுப் பேருந்தில் வருகிறவர்கள் மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டு, ஆய்வகம் திறக்கும்வரை காத்திருந்து, ரத்தம் கொடுத்த பிறகே விழுங்குவது இதனால்தான்.

சீட்டில் எழுதாத எச்சரிக்கைகளும் உண்டு. கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகளும் ஃப்ளுகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துகளும் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான ஃபெனிடாயினும் அதைக் கீழே தள்ளிவிடும். கிரேப்ஃப்ரூட்டையும் அதன் உறவான பம்ப்ளிமாஸையும் தவிர்க்கச் சொல்வார்கள். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்துக்கு நேரடிக் கேடு. மைக்கோஃபினோலேட் கருவைப் பாதிக்கும் என்பதால், தாயாக விரும்பும் பெண் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாற வேண்டும். ஆகவே ‘எனக்கு உறுப்பு மாற்று நடந்திருக்கிறது’ என்பதைப் பல் மருத்துவரிடமும் தெருமுனை மருந்துக்கடையிலும் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

இந்தச் சீட்டின் செலவு பலருக்கு மாதம் பல ஆயிரம் ரூபாய். பரிசோதனை, பயணம், அன்றைய கூலி இழப்பு ஆகியவற்றையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

தனியார் காப்பீடு எங்கே நின்றுவிடுகிறது?

வழக்கமான மருத்துவக் காப்பீட்டு பாலிசியில் மாற்று அறுவை சிகிச்சைக்கு இடம் உண்டு. உறுப்பு கொடுப்பவரின் அறுவைச் செலவையும் பல பாலிசிகள் ஏற்கின்றன. ஆனால் கொடுத்தவருக்குப் பின்னால் வரும் சிக்கல்களுக்கும் அவருடைய தொடர் பரிசோதனைகளுக்கும் பெரும்பாலும் பணம் தருவதில்லை. பெற்றவருக்கு மருத்துவமனையில் சேர்வதற்கு முன் 30 அல்லது 60 நாள், வீடு திரும்பிய பின் 60 அல்லது 90 நாள், சில பாலிசிகளில் 180 நாள் வரை மருந்துச் செலவு கிடைக்கும். அந்தக் கெடு முடிந்த மறுநாளிலிருந்து மாத்திரை வெளிநோயாளிச் செலவாகிவிடுகிறது. வெளிநோயாளிச் செலவை வழக்கமான பாலிசி ஏற்பதில்லை. தனியே பிரீமியம் கட்டிச் சேர்த்தாலும் அதற்குச் சிறிய உச்சவரம்புதான் இருக்கும்.

பாலிசியே இல்லாமல் மாற்று அறுவை செய்துகொண்டவர் புதிதாக ஒன்று எடுக்கப் போனால் நிலைமை இன்னும் கடினம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட சிறுநீரக நோயையும் கல்லீரல் நோயையும், விண்ணப்பதாரரின் ஒப்புதலோடு நிரந்தரமாக விலக்கி வைக்கக்கூடிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. மற்ற நோய்களுக்காவது பாலிசி கிடைக்கட்டும் என்பது அதன் நோக்கம். மாற்று உறுப்போடு வாழ்பவருக்கோ எந்தக் காய்ச்சலையும் ‘அந்த நோயின் தொடர்ச்சி’ என்று நிறுவனம் வாதாட அது வழி விடுகிறது. பல நிறுவனங்கள் விண்ணப்பத்தையே திருப்பி அனுப்பிவிடுகின்றன.

ஏற்கெனவே பாலிசி வைத்திருப்பவர்களுக்குச் சட்டம் சில நல்ல பாதுகாப்புகளைத் தந்திருக்கிறது. 2024இல் வந்த விதிமாற்றத்தின்படி, முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் 36 மாதத்துக்கு மேல் போகக்கூடாது. 60 மாதம் இடைவெளியில்லாமல் பிரீமியம் கட்டியிருந்தால், பிறகு ‘நோயை மறைத்தீர்கள்’ என்று சொல்லி க்ளெய்மை மறுக்க முடியாது. மோசடி நிரூபிக்கப்பட்டால் மட்டுமே விலக்கு. முன்பு இந்தக் கெடு எட்டு ஆண்டுகளாக இருந்தது. க்ளெய்ம் அதிகம் வந்தது என்ற காரணத்துக்காகப் புதுப்பித்தலை மறுக்கவும் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதும் ஆயுளுக்கும் பாலிசியைத் தொடர வேண்டியவர்களுக்கு ஓர் ஆறுதல்.

இந்தப் பாதுகாப்புகள் எல்லாம் தொடர்ச்சியைச் சார்ந்தவை. ஆண்டு பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதையும் தாண்டி பாலிசி காலாவதியானால் மறுபடி நுழைவது ஏறக்குறைய முடியாத காரியம். வேலையிடத்துக் குழுக் காப்பீட்டை நம்பியிருப்பவர்கள் இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். குழுக் காப்பீட்டில் பெரும்பாலும் காத்திருப்புக் காலமே இருக்காது என்பதால் அது வரமாகத் தோன்றும். வேலை போனாலோ ஓய்வு பெற்றாலோ அந்த வரம் அன்றே முடிந்துவிடும். வேலையில் இருக்கும்போதே, அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற வழி உண்டா என்று எழுத்து மூலம் கேட்டு வைப்பது அவசியம்.

மறுபடி மருத்துவமனையில் சேரும்போது கவனிக்க வேண்டியது அறை வாடகை. பாலிசி நாளுக்கு 5,000 ரூபாய் வாடகை தரும். நோயாளி 10,000 ரூபாய் அறையில் தங்கினார் என்று வைத்துக்கொள்வோம். பல பாலிசிகளில் வாடகையோடு மருத்துவர் கட்டணம் முதலியவையும் அதே விகிதத்தில் பாதியாக வெட்டப்படும். ஆனால் மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் கருவி ஆகியவற்றின் செலவை இந்த விகிதத்தில் குறைக்கக் கூடாது என்று 2020இலேயே ஆணையம் சொல்லிவிட்டது. உறுப்பு நிராகரிப்புக்குத் தரும் ஊசி மருந்துகள் விலை கூடியவை. அவற்றின் பில்லில் விகித வெட்டு விழுந்தால் கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும்.

அரசுத் திட்டங்களும் அவற்றின் எல்லையும்

தமிழ்நாட்டு ஏழைகளுக்கு இந்த விஷயத்தில் அரசு தந்திருக்கும் கை பெரியது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகி, 2018இல் மத்திய அரசுத் திட்டத்தோடு இணைந்த ஏற்பாடு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தருகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் இதில் சேரலாம். உறுப்பு மாற்று இதில் அடங்கும். அரசு மருத்துவமனைகளில் மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கு அடக்கி மருந்துகள் அங்கேயே கட்டணமின்றித் தரப்படுகின்றன. மருந்தை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்பும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்த அமைப்பு. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களின் அடக்கி மருந்துக்கு மாதம் 10,000 ரூபாய் வரை உதவ மத்திய அரசின் தேசிய உறுப்பு மாற்றுத் திட்டத்திலும் இடமிருக்கிறது.

எல்லைகள் இரண்டு. முதலாவது, வருமான வரம்புக்குச் சற்று மேலே நிற்கும் குடும்பம். சிறு கடை வைத்திருப்பவரோ தனியார் பள்ளி ஆசிரியரோ வீட்டை அடகு வைத்துத் தனியார் மருத்துவமனையில் மாற்று அறுவை செய்திருப்பார். அறுவைக்குப் பிறகு அவருடைய உண்மையான நிலை ஏழையின் நிலைதான். சான்றிதழில் அது தெரியாது. இரண்டாவது, தூரம். டாக்ரோலிமஸ் அளவைப் பார்க்கும் வசதி சிற்றூர் ஆய்வகங்களில் கிடையாது. மருந்தும் அறுவை நடந்த பெரிய மருத்துவமனையிலேயே கிடைக்கும் என்றால், மாதந்தோறும் ஒரு நாள் வேலையும் பேருந்துக் காசும் போகும். இலவச மருந்தை வாங்கவே கடன் வாங்க வேண்டிய நிலை வரும்போது நோயாளி வேளை தவறவிடத் தொடங்குகிறார்.

விலை, பிராண்டு, மாற்று

டாக்ரோலிமஸும் மைக்கோஃபினோலேட்டும் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் உள்ளவற்றுக்கு 2013ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி உச்சவிலை உண்டு. உச்சவிலைக்குக் கீழேயும் பிராண்டுக்குப் பிராண்டு விலை வேறுபடும். மலிவான பிராண்டுக்கு மாறுவது தவறில்லை. சொல்லாமல் மாறுவதுதான் ஆபத்து. ஒரே பெயருள்ள மருந்தாக இருந்தாலும் ஒரு பிராண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது ரத்த அளவு சற்று மாறலாம். மருத்துவரிடம் சொல்லி, மாறிய பின் அளவு பார்த்தால் போதும். 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் எல்லா மருந்தையும் பொதுப்பெயரில்தான் எழுத வேண்டும் என்று விதி கொண்டுவந்தபோதும், இத்தகைய குறுகிய அளவு மருந்துகளுக்கு விலக்கு அளித்திருந்தது. அந்த விதி அதே மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆனால் விலக்கின் காரணம் இன்றும் பொருந்தும். கடைக்காரர் ‘இதுவும் அதேதான்’ என்று சொல்லி வேறு அட்டையைத் தந்தால், வாங்குவதற்கு முன் மருத்துவமனைக்கு ஒரு ஃபோன் செய்துவிடுங்கள். அரசு கொள்முதலிலும் ஒப்பந்தம் மாறி பிராண்டு மாறும்போது நோயாளிகளுக்குச் சொல்லவும், அளவு பார்த்துத் தரவும் ஏற்பாடு வேண்டும்.

முப்பத்தாறு மாதக் கெடுவிலிருந்து அமெரிக்கா கற்ற பாடம்

அமெரிக்கா 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் சிறுநீரகம் செயலிழந்தவர்களை, எந்த வயதினராக இருந்தாலும், மெடிகேர் என்னும் அரசுக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தது. டயாலிசிஸுக்கும் மாற்று அறுவைக்கும் அரசே பணம் கொடுத்தது. ஆனால் சிறுநீரக நோயை மட்டுமே காரணமாகக் கொண்டு சேர்ந்தவர்களுக்கு, மாற்று முடிந்து 36 மாதம் ஆனதும் காப்பீடு நின்றுவிடும். அடக்கி மருந்தும் அதோடு நிற்கும். வேறு காப்பீடு இல்லாதவர்கள் மாத்திரையைப் பாதியாக்கினார்கள், நாள் விட்டு நாள் எடுத்தார்கள். உறுப்பை இழந்தவர்கள் டயாலிசிஸுக்குத் திரும்பினார்கள். அப்போது அரசு மறுபடி பணம் கட்டியது, முன்பைவிடப் பல மடங்கு. மருத்துவர்களும் நோயாளி அமைப்புகளும் பல ஆண்டு போராடிய பின் 2020 டிசம்பரில் சட்டம் மாறியது. 2023 ஜனவரி 1 முதல், வேறு காப்பீடு இல்லாத சிறுநீரக மாற்று நோயாளிகள் மாதப் பிரீமியம் கட்டி, அடக்கி மருந்துக்கு மட்டுமான காப்பீட்டைக் கால வரம்பின்றிப் பெறலாம்.

அதிலும் குறை உண்டு. மருந்து தவிர வேறு சிகிச்சை அதில் அடங்காது. ஆனாலும், மாத்திரையை மறுப்பது சிக்கனமாகாது என்பதை ஒரு பெரிய நாடு சட்டமாகவே ஒப்புக்கொண்டது. அந்தக் கணக்கு நமக்கும் பொருந்தும். இங்கும் டயாலிசிஸுக்குத் திரும்பும் ஒவ்வொருவருக்கும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் இயந்திரமும் படுக்கையும் வேண்டும். போன உறுப்புக்கு ஈடாக இன்னொன்று கிடைப்பது அதைவிட அரிது.

நோயாளியின் கையில் இருப்பவை

விதி மாறும்வரை காத்திருக்க முடியாது. இப்போதே செய்யக்கூடியவை சில. டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவைக் குறிப்பு, எல்லா மருந்துச் சீட்டுகள், பில்கள் ஆகியவற்றை ஒரு கோப்பில் வைத்து ஃபோனிலும் படமெடுத்து வையுங்கள். மாத்திரை பத்து நாளுக்கு இருக்கும்போதே அடுத்ததை வாங்குங்கள். அடக்கி மருந்தைச் சீட்டில்லாமல் கடையில் தரமாட்டார்கள் என்பதால் சீட்டின் தேதியையும் பாருங்கள். பணம் இல்லாத மாதத்தில் அளவை நீங்களாகக் குறைக்காதீர்கள். மருத்துவமனையின் மருத்துவ சமூகப் பணியாளரிடமோ ஒருங்கிணைப்பாளரிடமோ வாய் திறந்து சொல்லுங்கள். விலை குறைந்த பிராண்டு, அறக்கட்டளை உதவி, அரசு மருத்துவமனைக்கு மாறுதல் என அவர்களிடம் வழிகள் இருக்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

க்ளெய்ம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பாலிசியின் எந்தப் பிரிவின் கீழ் மறுத்தார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான க்ளெய்ம்களை அவர் விசாரிக்கலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

செய்ய வேண்டியது என்ன?

மாற்று உறுப்பும் அதன் மருந்தும் ஒரே சிகிச்சை. அறுவைக்குப் பணம் தரும் எந்தக் காப்பீடும், அரசுடையதோ தனியாருடையதோ, அடக்கி மருந்தையும் ரத்த அளவுப் பரிசோதனையையும் வெளிநோயாளிச் செலவு என்று ஒதுக்கக் கூடாது. இதை ஐஆர்டிஏஐ விதியாக்க வேண்டும். தமிழ்நாடு அரசு, அறுவை எந்த மருத்துவமனையில் நடந்தது என்று பாராமல், தேவைப்படும் எல்லோருக்கும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே மருந்தும் பரிசோதனையும் கிடைக்கச் செய்ய வேண்டும். 2021 முதல் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை நடத்தும் மாநிலத்துக்கு இது எட்டாத காரியமில்லை. உறுப்பு மாற்று நோயாளிகளின் எண்ணிக்கை அந்தத் திட்டத்தின் பயனாளிகளோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. அவர்களுடைய பெயரும் முகவரியும் மருத்துவமனைகளின் பதிவேடுகளில் இருக்கின்றன.

துக்கத்தின் நடுவில் ஒரு குடும்பம் கையெழுத்திட்டுத் தந்த உறுப்பு, மாத்திரைக்குக் காசில்லாமல் கெட்டுப்போக விடக் கூடாது. அதைத் தடுக்கும் மருந்து இருக்கிறது, கொண்டுசேர்க்கும் கட்டமைப்பும் இருக்கிறது. அரசும் காப்பீட்டு நிறுவனங்களும் அதற்கான பொறுப்பை ஏற்க வேண்டும்.